கலக்காத மருந்து

டாக்டரம்மா ஊசியை நிறுத்தச் சொன்னதும் என் வீட்டுக்காரர் முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. பதினோரு வருடமாக மருந்துக்கடையில் நிற்கிறவர். இருமல் என்று யார் வந்தாலும் சீட்டுகூடக் கேட்காமல் ஆன்டிபயாடிக்கை எடுத்து நீட்டிப் பழகிய கை. அக்கம்பக்கத்தில் அவருக்கு 'அரை டாக்டர்' என்று பெயர். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

எங்கள் பத்து மாதக் குழந்தை மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு என் மடியில் கிடந்தாள். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா உள்ளே போய் வந்தது. "சளி டெஸ்டும் எக்ஸ்ரேயும் பாத்தாச்சு. இது வைரஸ்ங்க, அந்த ஆன்டிபயாடிக் ஊசி இதுக்கு வேலை செய்யாது. வயித்தத்தான் கெடுக்கும்" என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா அடுத்த கட்டிலுக்குப் போனார்.

"கைய விட்டுட்டாங்கடி" என்றார் இவர். வெளியே போனவர் அரை மணியில் திரும்பினார். சட்டைப்பை புடைத்திருந்தது. கடையிலிருந்து சின்னப் பாட்டில். உள்ளே வெள்ளைத் தூள், தண்ணீர் கலந்தால் ஆன்டிபயாடிக் மருந்து.

"ரெண்டு மில்லி போதும். யாருக்கும் தெரிய வேணாம்."

பொய் சொல்வானேன், எனக்கும் கை நீண்டது. பெற்ற வயிறு. ஆனால் டாக்டரம்மா குழந்தையின் சட்டையை விலக்கி, நெஞ்சைப் பார்த்தபடி ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணியது நினைவுக்கு வந்தது.

"கடைக்கு வர்ற பிள்ளைங்க யாரோட மூச்சையாவது எண்ணியிருக்கீங்களா?"

அவர் பார்வை குழந்தையின் விலாவுக்குப் போனது.

"இப்ப எண்ணுங்க. சாயங்காலம் வரைக்கும். கூடுச்சுன்னா நானே ஓடிப்போய் டாக்டரம்மாவக் கூட்டிட்டு வரேன். இத மட்டும் கலக்காதீங்க."

மணிக்கொருதரம் எண்ணி உள்ளங்கையில் பேனாவால் எழுதினார். அறுபத்திரண்டு. அறுபது. ஐம்பத்தேழு. திரும்ப ஐம்பத்தெட்டு. அந்த ஒன்று கூடியதற்கே அவர் கை சட்டைப்பைக்குப் போனது. நான் முறைத்தேன், கை இறங்கியது. நர்ஸ் வந்து மூக்குச்சளியை உறிஞ்சி எடுத்துவிட்டுப் போனாள்.

நான்கு மணிக்கு நாற்பத்தெட்டு. நம்பாமல் இன்னொரு தடவை எண்ணினார். அதே நாற்பத்தெட்டு. குழந்தை நிறுத்தாமல் மடக் மடக்கென்று பால் குடித்தாள். எனக்கு உயிர் வந்தது. அவரோ வெட்கமில்லாமல் அழுதார்.

குனிந்த அவர் சட்டைப்பையிலிருந்து அந்த மருந்துப் பாட்டிலைக் குழந்தை பிடுங்கிக்கொண்டாள். மூடியின் சீல் அப்படியே இருந்தது. அவள் ஆட்ட ஆட்ட உள்ளே தூள் சரசரத்தது. அவர் அதைத் திரும்பப் பிடுங்கவில்லை. அவள் நெஞ்சைப் பார்த்தபடி, உதடு அசைய, இன்னும் எண்ணிக்கொண்டிருந்தார்.