சிடுமூஞ்சிக்குக் கொடுத்த பொறுப்பு

ஸ்கேன் செய்த காகிதங்களிலிருந்து எழுத்துகளை வரிசை குலையாமல் பிரித்தெடுக்கும் சிறு நிரல் ஒன்றை அவள் எழுதியிருந்தாள். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று ஓப்பன் சோர்ஸாக இணையத்தில் போட்டாள். பார்வையற்ற பலர் அதை வைத்துத்தான் காகிதங்களைக் கணினி வாசிக்கக் கேட்டார்கள்.

பாராட்டு குவிந்தது, கைகொடுக்க ஆள் வரவில்லை. ஒருவர் மட்டும் விடாமல் குறை எழுதிக்கொண்டிருந்தார். எந்தப் பக்கம், எந்த வரி, எங்கே பிசகியது என்று புட்டுப்புட்டு வைப்பார். அவள் கணவன் அவருக்குச் சிடுமூஞ்சி என்று பெயர் வைத்தான்.

"இன்னிக்கு சிடுமூஞ்சி திட்டி முடிச்சாச்சா?" என்று காப்பிக் கோப்பையோடு வந்து கேட்பான்.

அவளுக்கு மருத்துவக் கருவிகள் செய்யும் நிறுவனமொன்றில் வேலை கிடைத்தது. கணவன் வேலையை விட்டுவிட்டு மேலே படித்துக்கொண்டிருந்ததால் வேண்டாம் என்று சொல்லவும் முடியாது.

"இங்க சேர்ந்தப்புறம் சொந்தமா வெளியில புரோகிராம் எதுவும் எழுதக்கூடாதும்மா. அந்த புரோகிராமை வேணா நம்ம கம்பெனி பேருக்கு மாத்திடலாம். அப்புறம் வெளியாளுங்க தொட முடியாது" என்றார் பணியாளர் பிரிவு அதிகாரி.

"வேண்டாம் சார். சேர்றதுக்கு முன்னாடி வேற யார்கிட்டயாவது ஒப்படைச்சிடறேன்."

யோசித்துப் பார்த்தபோது அந்த நிரலை முழுசாகத் தெரிந்தவர் சிடுமூஞ்சி ஒருவர்தான். எண் வாங்கிப் பேசினாள். ஏதோ ஒரு மருத்துவமனையில் தொலைபேசி இணைப்பாளர். அவருக்கும் பார்வை கிடையாது. குரல் அத்தனை சாந்தம்.

"புரோகிராம் எழுதுவீங்களா?"

"எழுதுவேன்."

"அப்புறம் ஏன் இத்தனை வருஷமா திட்டிக்கிட்டே இருந்தீங்க?"

"திட்டறதுக்குத் தைரியம் இருந்துச்சு. நானே சரிபண்ணி எழுதி அனுப்பத்தான் கூச்சமா இருந்துச்சுங்க."

அவள் பொறுப்பை மாற்றிக் கொடுத்துவிட்டு வேலையில் சேர்ந்தாள்.

அடுத்த ஆண்டு, மருந்துத் தாள்களை வாசித்துக்காட்டும் கருவி ஒன்றுக்காக அவள் நிறுவனத்துக்கே அந்த நிரல் தேவைப்பட்டது. வேகத்துக்காக, பக்கத்தின் அடியிலுள்ள பொடி எழுத்துகளைத் தாண்டிச் செல்லும்படி ஒரு மாற்றத்தை எழுதச் சொன்னார்கள். எழுதி, நிறுவனத்தின் சார்பில் அனுப்பினாள். பொறுப்பிலிருப்பவர் ஒப்புக்கொண்டால்தான் அது நிரலில் சேரும். சிடுமூஞ்சி திருப்பி அனுப்பிவிட்டார்.

"மாத்திரையோட பக்கவிளைவெல்லாம் அந்தப் பொடி எழுத்துலதான் இருக்கும். அதை விட்டுட்டு வேகமாப் படிச்சு என்ன பண்றது?"

"உனக்குத் தெரிஞ்சவர்தானேம்மா, கொஞ்சம் பேசிப் பாரேன்" என்றார் குழுத்தலைவர்.

அவளுக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. தான் கட்டிய வீட்டு வாசலிலேயே காத்து நிற்பது போல. திரையை மறுபடி படித்தாள்.

"பேச ஒண்ணுமில்ல சார். அவர் சொல்றது சரிதான்."

பொடி எழுத்துகளை விடாமல், கடைசியில் வாசிக்கும்படி மாற்றி எழுதினாள். வேகம் கொஞ்சம் குறைந்தது. சிடுமூஞ்சி ஏற்றுக்கொண்டார். கூடவே, இரண்டு இடங்களில் விளக்கக் குறிப்பு போதாது என்றும் எழுதியிருந்தார்.

மதிய இடைவேளையில் அவள் அதையும் எழுதி அனுப்பினாள்.