பின்பக்கம் உட்கார்ந்த வண்டி

பார்த்த மாத்திரத்திலேயே கணக்கு வாத்தியாருக்கு அந்த வண்டியின் மேல் மனசு போய்விட்டது. ஒன்பது வருடம் ஓடிய சொகுசு வண்டி. கறுப்புப் பளபளப்பு, தோல் இருக்கைகள், ஏணி வைத்து ஏறுகிற மாதிரி உயரம். அவர் மனைவி கல்யாணங்களுக்கும் பிறந்தநாள்களுக்கும் அடுக்குக் கேக் செய்து தருபவள். அந்த வழியில்தான் அவளையும் மடக்கினார்.

"மத்த வண்டில இரும்பு ஸ்பிரிங். இதுல ஒவ்வொரு சக்கரத்துக்கும் காத்து அடைச்ச ரப்பர் பை. ஏர் சஸ்பென்ஷன்! பள்ளத்துல விழுந்தா பள்ளத்துக்குத்தான் வலிக்கும். உன் கேக் தொட்டில்ல போற மாதிரி போகும்."

"வாங்கறதுக்கு முன்னாடி ஒரு மெக்கானிக்கிட்ட காட்டிடலாமே" என்று அவள் சொன்னதை மட்டும் அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

முதல் மூன்று மாதம் வாத்தியார் சொன்னபடியே நடந்தது. ஒரு கேக்கின் ஓரம்கூட நசுங்கவில்லை. நான்காம் மாதம் ஒரு காலையில் பார்த்தால், வண்டியின் இடது பின்பக்கம் கட்டைவிரல் அளவு தாழ்ந்து நின்றது. அடுத்த வாரம் அது ஒரு சாண் ஆனது.

"ஏங்க, வண்டி ஒரு பக்கமா உக்காந்திருக்கு."

"தரை சரியில்லம்மா."

"நேத்து வரைக்கும் சரியா இருந்த தரையா?"

அவர் வண்டியைக் கிளப்புவார். அடியில் பைகளுக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசர் முக்கி முனகும். வண்டி மெல்ல மெல்லப் பின்பக்கத்தைத் தூக்கும். ஏதோ தானே தூக்கி நிறுத்தியதுபோல மனைவியைப் பார்த்துச் சிரிப்பார். "சோம்பல் முறிக்குது, அவ்வளவுதான்." பிறகு எங்கே போனாலும் பத்து நிமிடம் முன்னதாகக் கிளம்புவது வீட்டு வழக்கமாகிவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பகல். ஒரு தம்பதியின் ஐம்பதாவது கல்யாண நாளுக்காக நாலு அடுக்குக் கேக். மூன்று நாள் உழைப்பு. மேலே சர்க்கரையில் செய்த ஐம்பது பூ. பின் இருக்கைகளை மடக்கி, கேக்கை அதன் பலகையோடு ஏற்றி, அதன் பக்கத்திலேயே அவள் சம்மணமிட்டு உட்கார்ந்துகொண்டாள். பாதி வழியில் ஒரு வேகத்தடை. ஏறி இறங்கியதும் பின்னால் 'புஸ்ஸ்' என்று நீளமாக ஒரு பெருமூச்சு. வண்டியின் பின்பக்கம் அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டது. ஸ்டீயரிங்குக்கு முன்னால் மஞ்சள் எச்சரிக்கை விளக்கு எரிந்தது.

"என்னங்க! கேக் என் மேல சாயுது!"

"பிடிச்சுக்கோ, பிடிச்சுக்கோ!"

"பிடிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்! பலகைக்கு அடியில முட்டுக் கொடுக்க ஏதாவது குடுங்க. கெட்டியா, தட்டையா!"

வாத்தியார் ஓரமாக நிறுத்திச் சுற்றுமுற்றும் பார்த்தார். முன் இருக்கையில் இருந்தது ஒரே ஒரு பொருள். விழா முடியும்வரை ஒரு மூலையில் உட்கார்ந்து திருத்தலாம் என்று எடுத்து வந்த பரீட்சை விடைத்தாள் கட்டு. ஒரு நொடி தயங்கினார். பின்னாலிருந்து அவள் பார்த்த பார்வையில் தயக்கம் போய்விட்டது. கட்டை இரண்டாகப் பிரித்துத் தாழ்ந்த பக்கம் செருகினார்கள். கேக் நிமிர்ந்தது.

"முதல் தடவையா உங்க பசங்க எழுதினது உபயோகமா இருக்கு" என்றாள் அவள். அந்த நெருக்கடியிலும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அதற்குப் பிறகு ஆமை வேகம். பின்னால் ஒரே ஹாரன் சத்தம். ஒரு டாக்ஸிக்காரர் பக்கத்தில் வந்து கண்ணாடியை இறக்கினார்.

"சார், வண்டி உக்காந்துடுச்சு!"

"தெரியும்ங்க!"

"உள்ளே என்ன, யானையா?"

"கேக்!"

அந்த மனுஷர் என்ன நினைத்தாரோ, விளக்குகளை மினுக்கவிட்டபடி மண்டபம் வரை முன்னால் போய் வழிவிட வைத்தார். கேக் முழுசாக இறங்கியது. விழுந்தது ஒரே ஒரு பூ. கல்யாண நாள் கொண்டாடிய அம்மாள் அதை எடுத்துப் புருஷன் வாயில் போட்டுவிட்டு, "இப்போ நாப்பத்தொம்பதுதான். இன்னும் ஒரு வருஷம் என்னோட இருந்து கணக்கைச் சரி பண்ணுங்க" என்றாள். மண்டபமே சிரித்தது.

மறுநாள் பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு வாத்தியார் வண்டியை உருட்டாத குறையாகப் பட்டறைக்குக் கொண்டுபோனார். மனைவியும் கூட வந்தாள். மெக்கானிக் ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண்மணி. கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். வண்டியை ஜாக்கியில் தூக்கி, இரும்புக் கால்களை முட்டுக் கொடுத்தபின்தான் அடியில் போனார். "காத்தை நம்பி மட்டும் வண்டிக்கு அடியில படுக்கவே கூடாது."

ஒரு தெளிப்பானில் சோப்புத் தண்ணீரை நிரப்பி இடது பின் பையின் மேல் அடித்தார். ரப்பர் மடிப்பில் குட்டிக் குட்டிக் குமிழிகள் பொங்கி வந்தன.

"மடிப்புல வெடிச்சிருக்கு. ரொம்ப நாளா கசிஞ்சிருக்கு. கசியற காத்தை ஈடுகட்டி ஈடுகட்டி கம்ப்ரசரும் ஓஞ்சு போயிருக்கு. எப்பலேர்ந்து சார் இப்படி?"

வாத்தியார் தொண்டையைச் செருமினார். "ரெண்டு மாசமா. தரை சரியில்லன்னு நெனச்சேன்."

"நெனச்சீங்களா, சொன்னீங்களா?" என்றாள் மனைவி.

"சொன்னேன்" என்று ஒத்துக்கொண்டார். "வாங்கறப்பவே இவங்ககிட்ட காட்டியிருக்கணும். தப்பு என்னோடதுதான்." வகுப்பில் ஒருநாளும் வராத வார்த்தை. அவள் அதை முகத்தில் வெளிச்சத்தோடு கேட்டுக்கொண்டாள். ஆனால் மேற்கொண்டு ஒரு வார்த்தை குத்தவில்லை.

மெக்கானிக் இரண்டு வழி சொன்னார். காற்றுப் பைகளை எடுத்துவிட்டு இரும்பு ஸ்பிரிங் போட்டுவிட்டால் தொல்லை விட்டது. இல்லையென்றால் பின் பைகள் இரண்டையும் மாற்றி, கம்ப்ரசரையும் மாற்ற வேண்டும்.

"ஸ்பிரிங்கே போட்டுடுங்க" என்றார் வாத்தியார், அடிபட்ட குரலில்.

"வேண்டாம்" என்றாள் அவள். "மூணு மாசம் என் கேக்ல ஒரு கீறல் விழல. வண்டி நல்ல வண்டிதான். நாமதான் கவனிக்கல. பையே போடுங்கக்கா."

வாத்தியார் அவளைப் பார்த்த பார்வையைக் கண்டு, மெக்கானிக் கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டார்.

நான்கு நாளில் வேலை முடிந்தது. ஓட்டிப் பார்க்கும்போது மெக்கானிக், மடியில் ஒரு சாக்லேட் கேக்கை வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்து வந்தார். ஏழு வேகத்தடை. கேக் அசையவில்லை. எட்டாவது வருவதற்குள் அதில் கால்வாசியைக் காணோம்.

"சஸ்பென்ஷன் நல்லா இருக்கு" என்றார் மெக்கானிக், வாயைத் துடைத்துக்கொண்டே.

மறுநாள் விடிந்ததும் வாத்தியார் சத்தம் போடாமல் கதவைத் திறந்து வாசலுக்குப் போனார். அங்கே அவள் ஏற்கெனவே குந்தி உட்கார்ந்து, சக்கரத்துக்கும் மேல் வளைவுக்கும் நடுவே அளவுகோலைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"எவ்வளவு?" என்று கிசுகிசுத்தார்.

"ரெண்டு பக்கமும் ஒண்ணுதான்."

அவரும் பக்கத்தில் குந்தி, கணக்கு வாத்தியார் என்ற முறையில் இன்னொரு தடவை அளந்து பார்த்தார். சரியாகத்தான் இருந்தது.