கோல்பியின் துப்பாக்கிக்கு ஒரு தோட்டா

கல்யாணமான நாளிலிருந்து வெர்லினோடு நான் போட்ட சண்டைகளில் பாதி அந்தக் கராஜ் மேசையைப் பற்றியதுதான். மனுஷன் கடைத் தோட்டாவைத் தொடமாட்டார். பித்தளைக் கூட்டில் வெடிமருந்தை நிறுத்துப் போட்டு, முனையில் குண்டைத் தன் கையாலேயே அழுத்திப் பொருத்தினால்தான் அவருக்குத் தூக்கம் வரும். மொன்டானாவில் எங்கள் பள்ளத்தாக்கில் பாதிப் பேருக்கு இந்தப் பைத்தியம் உண்டு. என் வீட்டில் இருந்தது முற்றிய கேஸ்.

அந்தக் கோடையில் மட்டும் நான் சண்டை போடவில்லை. போட மனசு வரவில்லை. அவருடைய நுரையீரல் இறுகிக்கொண்டே வந்தது. மூக்கில் குழாய், தோளில் தொங்கும் ஆக்சிஜன் சிலிண்டர். அடுத்த இலையுதிர் காலத்தைப் பற்றி டாக்டர் பேச்சே எடுக்கவில்லை. அந்த வருஷம் பார்த்துத்தானா குலுக்கல் எங்களுக்கு விழவேண்டும்? எத்தனையோ வருஷமாக எழுதிப் போட்டுக் கிடைக்காத அனுமதி, மேற்கு மலையில் ஓர் ஆண் எல்க் மானைச் சுடலாம் என்று தபாலில் வந்து விழுந்தது.

"கோல்பி துப்பாக்கியை எடுத்துட்டுப் போறேன்" என்றார் வெர்லின்.

கோல்பி எங்கள் ஒரே மகன். மீசை சரியாக முளைக்காத வயதில் அதே மலைக்கு, அதே துப்பாக்கியோடு, தன் முதல் ஆண் மானைத் தேடிப் போனான். முள்வேலியைத் தாண்டும்போது தோட்டாவை வெளியே எடுக்கவில்லை. கம்பியில் விசை மாட்டிக்கொண்டது. அவ்வளவுதான், பிள்ளை போய்விட்டான். அந்தச் சனியனை ஆற்றில் வீசு என்று நான் கத்தினேன். வெர்லின் அதைத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்.

"அது எதுக்குய்யா இப்போ? உன் துப்பாக்கிக்கு என்ன கேடு?"

"அவன் ஒரு மானுக்காகத்தானே போனான், ஆர்லிஸ். அந்த மானை அவன் துப்பாக்கியால எடுத்துட்டு வந்துட்டேன்னா, நான் நிம்மதியாப் போயிடுவேன்."

நான் எழுந்து காபி போடப் போனேன்.

அது வெர்லினுடைய அப்பா காலத்துத் துப்பாக்கி. சுட்டுச் சுட்டுக் குழலில் குண்டு நுழையும் தொண்டைப் பகுதி தேய்ந்திருந்தது. புத்தகத்தில் போட்டிருக்கும் நீளத்துக்குத் தோட்டா செய்தால், குண்டு கூட்டை விட்டுக் கிளம்பி, குழலுக்குள் சுருளாக ஓடும் உள்வரிகளைப் பிடிக்குமுன் கொஞ்சம் அலைந்துவிடுகிறதாம். அதனால் வெர்லின், மருந்தில்லாத ஒரு தோட்டாவின் குண்டுக்கு மார்க்கர் பேனாவால் கறுப்பு பூசுவார். துப்பாக்கிக்குள் தள்ளி மூடி, வெளியே எடுத்து, கறுப்பில் உள்வரிகளின் கீறல் விழுந்திருக்கிறதா என்று பூதக்கண்ணாடியில் பார்ப்பார். அளவுகோலில் பிடித்து அளப்பார். அப்புறம் இன்னும் ஒரு மயிரிழை நீளம் கூட்டுவார்.

சனிக்கிழமைகளில் பக்கத்துப் பண்ணை லோவெல் வந்து எங்களைச் சுடும் மைதானத்துக்கு அழைத்துப்போவார். நீளம் கூடக்கூடக் குறி அட்டையில் ஓட்டைகள் நெருங்கி வந்தன. கடைசியில், குண்டின் முனை உள்வரிகளில் நன்றாகக் குத்தி நிற்கிற நீளத்தில், சுட்ட மூன்று குண்டின் ஓட்டைகளும் ஒன்றாகிவிட்டன. வெர்லின் அந்த அட்டையைக் கொண்டுவந்து ஃப்ரிட்ஜ் கதவில், கோல்பியின் பள்ளிக்கூடப் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டினார்.

லோவெலுக்குத் திருப்தியில்லை. "யோவ், நீ அட்டையைச் சுடப் போறியா, மானைச் சுடப் போறியா? இவ்ளோ நீளம் துப்பாக்கியோட மேகசின் பெட்டிக்குள்ளயே நுழையாது."

"ஒண்ணொண்ணா கையால போட்டுக்கறேன். எனக்கு ஒரு வெடிதான் கிடைக்கப் போகுது. என் கை நடுங்குது லோவெல், குண்டாவது நடுங்காமப் போகட்டும்."

"சரி, உள்ள போட்டதைச் சுடாம வெளிய எடுத்துப் பாத்தியா? நிஜத் தோட்டாவை?"

"எதுக்கு எடுக்கணும்? போட்டா சுட்டுடுவேன்."

"பிடிவாதம் பிடிச்ச கழுதை! குண்டைக் கொஞ்சம் கூட்டுக்குள்ள தள்ளி வையிய்யா. வேட்டைக்குப் போற தோட்டாய்யா இது."

வெர்லின் சிரித்தார். லோவெல் என்னைப் பார்த்து, நீயாவது சொல்லேன் என்பதுபோல் தலையை ஆட்டினார். எனக்குத் தோட்டாவும் தெரியவில்லை, நீளமும் தெரியவில்லை. அந்தச் சிரிப்பு மட்டும்தான் தெரிந்தது.

அக்டோபர் கடைசியில் மூன்று பேரும் மலையேறினோம். லோவெல் வண்டியை ஏறுமட்டும் ஏற்றி நிறுத்தினார். அதற்கு மேல் நடைதான். தோளில் சிலிண்டரோடு பத்தடிக்கு ஒருமுறை வெர்லின் நிற்பார், நாங்களும் நிற்போம். ஒரு முள்வேலிக்கு இந்தப் பக்கம், பைன் மரத்தடியில் உட்கார்ந்தோம். கோல்பி விழுந்த வேலி அது இல்லை. இருந்தாலும் அந்த மலையில் எல்லா வேலியும் எனக்கு ஒன்றுதான். வெர்லின் ஒரு தோட்டாவை எடுத்துத் துடைத்து, துப்பாக்கிக்குள் வைத்து, அதை அடைக்கும் இரும்புத் தாழை அழுத்தி மூடினார். கொஞ்சம் பலமாகவே அழுத்த வேண்டியிருந்தது.

வெயில் வந்த பிறகுதான் சத்தம் கேட்டது. வேலிக்கு அந்தப் பக்கம், மேட்டுக்குப் பின்னால், ஓர் ஆண் எல்க் கூவியது. வெர்லின் முகத்தில் ரத்தம் ஏறியதைப் பார்த்தேன். மேட்டுக்குப் போனால்தான் கண்ணுக்குப் படும். வேலியைத் தாண்டியாக வேண்டும்.

லோவெல் கம்பியை மிதித்துப் பிடித்துக்கொண்டு கையை நீட்டினார். "துப்பாக்கியை இப்படியே எங்கிட்ட குடு. நீ தாண்டு, அப்புறம் வாங்கிக்கோ. சீக்கிரம்யா!"

"தோட்டாவோட இது வேலி தாண்டாது" என்றார் வெர்லின்.

லோவெல் நீட்டிய கையை இறக்கிக்கொண்டார்.

வெர்லின் தாழை இழுத்தார். பித்தளைக் கூடு மட்டும் கையோடு வந்தது. குண்டு வரவில்லை. உள்வரிகளில் குத்தி நின்ற குண்டு குழலுக்குள்ளேயே சிக்கிக்கொண்டது. கூட்டிலிருந்த மருந்தெல்லாம் மிளகுப்பொடி கொட்டியதுபோல் துப்பாக்கி வயிற்றுக்குள் கொட்டிவிட்டது.

"ஐயோ" என்றார் லோவெல். "குழலை அடைச்சிடுச்சு. குத்தி வெளிய தள்ளணும். கம்பி வண்டியில இருக்கு." சொல்லிக்கொண்டே சரிவில் இறங்கி ஓடினார். அறுபது வயசு மனுஷன், விழுந்து எழுந்து ஓடினார்.

அப்போது பார்த்து மேட்டின்மேல் அது வந்து நின்றது. அப்படி ஒரு கொம்பை நான் பார்த்ததில்லை. பக்கவாட்டில், எங்களைப் பார்க்காமல், புல்லை மேய ஆரம்பித்தது. சின்னப் பிள்ளைகூடச் சுட்டுவிடும் தூரம்.

வெர்லின் துப்பாக்கியை வாயருகே தூக்கி மருந்தை ஊதினார். குழலுக்குள் குண்டு சிக்கிக் கிடக்கும்போது ஊதி என்ன பயன்? அது அவருக்குத் தெரியாதா? ஆனாலும் ஊதினார். மூச்சே இல்லாத மனுஷன், இருக்கிற மூச்சையெல்லாம் திரட்டி ஊதினார். ஒரு பொடிகூட நகரவில்லை. உதடு நீலமாகிவிட்டது. நான் அவர் கையைப் பிடித்துத் தரையில் உட்காரவைத்தேன்.

மான் தலையைத் தூக்கியது, ஒருமுறை எங்கள் பக்கம் பார்த்தது, மேட்டுக்குப் பின்னால் இறங்கிப் போய்விட்டது.

எனக்கு வெறியே வந்துவிட்டது. "அந்த ஆள் படிச்சுப் படிச்சுச் சொன்னாரே! ஒரு மயிரிழை உள்ள தள்ளி வைக்கக் கூடாதாய்யா உனக்கு? அட்டையில ஓட்டை, அட்டையில ஓட்டைன்னு... போச்சே, எல்லாம் போச்சே!" கத்திக்கொண்டே அழுதேன். அவரைத் திட்டி அழுதேனா, கோல்பிக்கு அழுதேனா, இனி வரப்போவதற்கு அழுதேனா, எனக்கே தெரியாது.

வெர்லின் வெறும் கூட்டை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மூச்சு நிதானத்துக்கு வரட்டும் என்று காத்திருந்தார்.

"ஆமா. நீளம் என் தப்புதான்" என்றார். பிறகு வேலியைப் பார்த்தார். "அன்னிக்கு அவனும் வேலிக்கு முன்னாடி இதைத் திறந்திருந்தா, அவனுக்கும் மான் போயிருக்கும், ஆர்லிஸ். மான் மட்டும்தான் போயிருக்கும்."

நான் அவரைக் கட்டிக்கொண்டேன். அவர் உடம்பு குலுங்கியது. மகனைப் புதைத்த அன்றுகூட அவர் அப்படி அழவில்லை.

லோவெல் கம்பியோடு வந்து சேர்ந்தபோது பேச மூச்சில்லை. கண்ணாலேயே கேட்டார். நான் தலையை ஆட்டினேன். அவர் தொப்பியைக் கழற்றிவிட்டு எங்கள் பக்கத்தில் உட்கார்ந்தார். வெகுநேரம் கழித்து, தாழ் திறந்தபடியே துப்பாக்கியை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டார். வெர்லினை நடுவில் தாங்கிக்கொண்டு, வேலியைத் தாண்டாமலேயே கீழே இறங்கினோம்.