நூற்றுப் பதினாறு

தவக்காலத்துச் சனிக்கிழமை. திண்டுக்கல் நாகல் நகரில் இருந்த ரத்தப் பரிசோதனை நிலையத்தின் வாசலில், காலை ஏழு மணிக்கே பாஸ்கல் உட்காருவதும் எழுவதுமாக இருந்தார். அவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுபவர். கூட வந்த மனைவி ரோஸ்மேரி பெஞ்சில் சுவரோடு சாய்ந்திருந்தாள். கொண்டுவந்த தண்ணீர் பாட்டில் அதற்குள் காலி.

ரோஸ்மேரி ஐந்து வருடமாக இன்சுலின் போடுகிறவள். ஜனவரியில் டாக்டர் பாஸ்கலுக்கும் அதையே எழுதினார். ஊசி என்றால் கடைசிக் கட்டம், தெரிந்தால் வேன் சாவியை வாங்கிவிடுவார்கள் என்று பயந்து, வாங்கிய மருந்தைத் தொடாமலே ஃபிரிட்ஜில் வைத்துவிட்டார். பதிலுக்கு ஒரு வழி கண்டுபிடித்தார். வெள்ளிக்கிழமை ஒருசந்தி: மதியம் ஒரு வேளைச் சாப்பாடு, ராத்திரி பட்டினி. மறுநாள் காலை வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்தால் சர்க்கரை நூற்றுப் பதினாறு; ஊசி தேவையில்லை என்று டாக்டரிடம் காட்ட அது போதும். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு தடவை வரச் சொல்வார்கள். அதற்கு மட்டும் ஐயா போகமாட்டார்! மற்ற ஆறு நாளும் புரோட்டாவும் சால்னாவும் தடையில்லாமல் நடந்தன. பரீட்சைக்கு முதல் நாள் மட்டும் புத்தகத்தைத் தொடுகிற பிள்ளைக்கும் அவருக்கும் என்ன வித்தியாசம்?

அதோடு விட்டாரா? அந்த ரிப்போர்ட்டைப் படம் எடுத்து, “ஊசி வேண்டாம், ஒருசந்தி போதும்” என்று எழுதி, பங்கு மக்களின் வாட்ஸ்அப் குழுவில் வேறு போட்டார்.

“ஷைனி, எனக்கு மொதல்ல எடுத்துரும்மா. அக்காவுக்கு என்னமோ ஒரே அசதியா இருக்கு, வீட்டுக்குப் போகணும்” என்றார், ரத்தம் எடுக்கும் பெண்ணிடம்.

ஷைனி அவரை விட்டுவிட்டு ரோஸ்மேரியைப் பார்த்தாள். உதடு வறண்டிருந்தது. மூச்சு வாங்கியது. உடனே அவள் விரலில் குத்தி, கையளவு மிஷினில் பார்த்தாள். நானூற்று முப்பத்தெட்டு.

“அக்கா, ஊசி போடலையா?”

“போட்டு பத்து நாளாச்சு. இவருதான் ஒருசந்தி இருந்தே கொறச்சுட்டாருல்ல? நானும் அப்படியே இருந்து பாப்போம்னு நிறுத்திட்டேன்” என்றாள் ரோஸ்மேரி. சொல்லி முடிப்பதற்குள் வாந்தி வந்துவிட்டது.

பாஸ்கல் ரத்தம் கொடுக்க நிற்கவில்லை. மனைவியை வேனில் ஏற்றி அரசு மருத்துவமனைக்கு விரட்டினார். இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் நினைவே தப்பியிருக்கும் என்றார் அங்கிருந்த டாக்டர். விவரம் கேட்டவர், பாஸ்கலுக்கும் ரத்தம் எடுக்கச் சொன்னார்.

மாலையில் ரிசல்ட் வந்தது. ஒன்பது புள்ளி எட்டு.

“பத்துக்கும் கம்மியா? நல்லதுதானுங்களே சார்?”

“இது மூணு மாசச் சராசரிங்க. ஏழுக்குள்ள இருக்கணும். நீங்க காட்டுன நூத்திப் பதினாறு, ஒரு நாள் காலையில இருந்த அளவு. மூணு மாசமா ஒடம்பு பட்ட பாடு இதுல இருக்கு. ஊசி தண்டனை இல்லைங்க. ஒடம்புல சுரக்கறது பத்தல, வெளிய இருந்து குடுக்குறோம். அம்புட்டுத்தான்.”

பாஸ்கல் மனைவியின் கட்டிலருகே வந்து நின்றார். கண் கலங்கியது, மறைக்கவில்லை.

“டாக்டரைத்தான் ஏமாத்துறேன்னு நெனச்சேன் ரோஸு. உன்னைக் கொல்லப் பாத்திருக்கேன்.”

“மொதல்ல அந்தப் படத்தை எடுங்க. இன்னும் யாரு யாரு நம்பி நிறுத்தியிருக்காங்களோ” என்றாள் அவள் மெல்ல.

அவர் போனை எடுத்தார். பழைய படத்துக்குக் கீழே நாற்பது பேர் கைகூப்பியிருந்தார்கள். அதை அழித்துவிட்டு, புது ரிப்போர்ட்டைப் போட்டு, கீழே எழுதினார்:

“என் உண்மையான கணக்கு இதுதான். என்னைப் பார்த்து யாரும் ஊசியை நிறுத்தாதீர்கள். ஒரு நாள் பட்டினி கிடந்தால் ரிப்போர்ட் நல்லா வரும். சர்க்கரை நோய் போகாது. சோதனையை ஏமாற்றுகிறவன் தன்னை மட்டுமல்ல, தன்னை நம்புகிறவர்களையும் சேர்த்தே கொல்கிறான்.”