பூஜ்ஜியம் போட்ட வரி

வாயுவில் ஒரு துகள் இன்னொன்றின் மேல் மோதினால் அதோடு சரி, தன் வழியே போய்விடும். நெருக்கமான திரவத்தில் போக இடம் கிடையாது. சுற்றி நிற்கும் அதே துகள்களின் மேல் திரும்பத் திரும்ப மோதும். அதனால் ஓரிடத்தில் அடர்த்தி குறைந்தால் அந்தக் குறை லேசில் ஆறாது.

என் கணினி நிரலில் இதற்கென்று ஒரே ஒரு வரி இருந்தது. அதைச் சேர்த்தால் கணக்கு முடிய மூன்று நாள் ஆகும். இப்போதைக்குப் பூஜ்ஜியம் போடு, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார் துறைத்தலைவர். போட்டேன். தலையாட்ட எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்தக் கணக்கை நம்பித்தான் இன்று காலை ஒன்பது மணிக்குக் கீழ்த்தளத்து எஃகுக் கலத்தில், கடுங்குளிரில் திரவமாக்கிய ஆர்கான் வாயுவை அடைத்தார்கள். கொதிநிலை தாண்டியும் அதைக் கொதிக்கவிடாமல் வைத்திருப்பதுதான் சோதனை. அடர்த்தி குறைந்த திட்டு முதலில் உள்ளே வெறும் மங்கலாகத்தான் தெரியும்; அது பெரிதாகிக் குமிழியானால், கலம் முழுவதும் ஒரே நொடியில் கொதித்து வெடிக்கும். அதற்கு வருஷக்கணக்காகும் என்றிருந்தது என் நிரல்.

கலத்தருகே உட்கார்ந்திருப்பவர் அக்காவின் வீட்டுக்காரர், ஆய்வக மெக்கானிக். கலத்தின் சின்னக் கண்ணாடியில் வெளிப்புறம் குளிருக்குப் பனி படியும்; துடைத்தால் போய்விடும். துடைத்துத் துடைத்து உள்ளே பார்ப்பது அவர் வேலை.

மனசு கேட்காமல் வெள்ளிக்கிழமையே அந்த வரியைச் சேர்த்து ஓடவிட்டிருந்தேன். இன்று பத்தரைக்கு விடை வந்தது. வருஷக்கணக்கில்லை; அடைத்ததிலிருந்து இரண்டே மணி நேரம்.

துறைத்தலைவர் அறைக்கு ஓடினேன். விருந்தினர்களோடு பேசிக்கொண்டிருந்தவர் ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார். நின்றேன். பதினைந்து நிமிடம் நின்றேன். பிறகு வெளியே வந்து கீழ்த்தளத்துக்குப் போன் செய்தேன்.

“யாரு, ஊமைக்கோட்டானா? நீயா போன் பண்ற? இன்னைக்கு மழைதான்.”

“மாமா, வெளிய வாங்க.”

“ஏன், உங்க அக்கா வந்திருக்காளா?”

“இல்ல. கணக்கு தப்பு மாமா. நான்தான்…”

“உன் கணக்காவது தப்புறதாவது. இரு, கண்ணாடி மங்குது. தொடச்சிட்டு வர்றேன்.”

துடைக்க வேண்டாம், வெளியே ஓடுங்கள் என்று கத்தினேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அதற்குள் அவர் ரிசீவரை மேசைமேல் வைத்துவிட்டார். கண்ணாடியில் துணி தேயும் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி, இன்னும் அழுத்தி.

“போகமாட்டேங்குதே” என்றார், தனக்குத்தானே.