வயிற்றுப்போக்கு இல்லாத ஊர்

டாக்டர் ரெஜினுக்குச் சங்கரன்கோவில் பிடித்துத்தான் இருந்தது. பிரியாணி பிடித்திருந்தது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் வாடகைக்கு எடுத்த மாடி ஆபீஸ் பிடித்திருந்தது. பிடிக்காதது ஒன்றே ஒன்றுதான். வந்து நாலு மாதமாகியும் இந்த வட்டாரத்தில் ஒரு குழந்தைக்குக்கூட வயிற்றுப்போக்கு வரவில்லை.

பிள்ளைகள் நலத்துக்காக ஆராய்ச்சி செய்கிறவருக்கு இது நல்ல செய்திதானே என்பீர்கள். அவர் பாடு உங்களுக்குத் தெரியாது. எந்தக் கிருமியால் பிள்ளைகளுக்கு வயிறு போகிறது என்று கண்டுபிடிக்க வந்தவர் அவர். ஜூன் முப்பதுக்குள் அறுபது பிள்ளைகளுக்காவது போயாக வேண்டும். இல்லாவிட்டால் கடையைக் கட்டிக்கொண்டு வா என்று பணம் போடும் லண்டன்காரர்களிடமிருந்து மெயில் வந்துவிட்டது. எறும்பை மிதிக்கவும் யோசிக்கிற அந்த மனிதர், ‘ஆண்டவரே, ஒரு பிள்ளைக்காவது...’ என்று ஜெபத்தை ஆரம்பித்துவிட்டு, வெட்கப்பட்டுப் பாதியில் நிறுத்துகிற நிலைமைக்கு வந்திருந்தார்.

கேள்வித்தாளில் குறை சொல்ல முடியாது. ஆங்கிலத்தில் எழுதி, சென்னையில் தமிழாக்கி, அந்தத் தமிழை இன்னொருவர் திரும்ப ஆங்கிலமாக்கி, இரண்டும் ஒத்துப்போகிறதா என்று ஏழு பேர் ஏசி அறையில் உட்கார்ந்து சரிபார்த்தது. அந்த ஏழு பேரில் ஒருவர்கூடப் பிள்ளைக்குக் கால் கழுவிவிட்டவர் இல்லை போலும். ‘கடந்த பதினைந்து நாட்களில் தங்கள் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு ஏற்பட்டதா? ஆம் / இல்லை.’ இதில் ஓர் எழுத்தை மாற்றக் கூடாது, கூட ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று, களப்பணிக்கு எடுத்த ராஜகுமாரிக்கு ரெஜினே மூன்று நாள் பயிற்சி கொடுத்தார். பக்கத்து மேலநீலிதநல்லூர்க்காரியான ராஜகுமாரி சரியென்று தலையாட்டினாள். வீடு வீடாகக் கேட்டு, வீடு வீடாக ‘இல்லை’ என்று டிக் போட்டு வந்தாள்.

ஜூன் இருபத்தாறாம் தேதி ரெஜினுக்குப் பொறுமை போய்விட்டது. ராஜகுமாரியை ஏற்றிக்கொண்டு ஜீப்பில் அவரே கிளம்பினார்.

முதல் வீடு கோகிலாவுடையது. அவள் இடுப்பில் பத்து மாதப் பிள்ளை பேச்சிராஜ், கண் குழி விழுந்து, அம்மாவின் தோளில் துவண்டு கிடந்தான். ரெஜின் தாளைப் பிரித்து, ஓர் எழுத்துப் பிசகாமல் கேள்வியை வாசித்தார்.

“அதெல்லாம் ஒண்ணும் இல்ல சார்” என்றாள் கோகிலா.

அவள் சொல்லி வாய் மூடவில்லை, பேச்சிராஜ் தன் பதிலைச் சொன்னான். அது அவள் சேலையில் வழிந்து ரெஜினின் ஷூ வரைக்கும் வந்தது.

“அப்ப இது என்னம்மா?”

“இது மாந்தம்லா சார். பல்லு முளைக்கி, அதான். நேத்துலேருந்து பத்து தடவ போயிட்டான்.”

ரெஜின் ராஜகுமாரியைப் பார்த்தார்.

“சின்னப் பிள்ளையளுக்கு வயித்தால போனா இங்கன மாந்தம்னுதான் சார் சொல்லுவாங்க. வயிற்றுப்போக்குன்னா பெரியாளுக்கு, கல்யாண வீட்டுல சாப்பிட்டுட்டு வாரது.”

“இத ஏங்க நாலு மாசமா சொல்லல?”

“கூட ஒரு வார்த்த பேசக் கூடாதுன்னு நீங்கதான சார் சொன்னீங்க. எழுதக் கூடாதுன்னு சொல்லல. அதான் கடைசிக் கட்டத்துல எழுதி எழுதித் தந்தேன். நீங்க பாக்கலியா?”

கடைசிக் கட்டம் ‘பிற குறிப்புகள்’. சென்னைக் கம்ப்யூட்டர் அதைப் படிக்காது. ரெஜினும் படித்ததில்லை. ஜீப்பிலிருந்த தாள்களை எடுத்து பானெட்டின் மேல் வைத்துப் புரட்டினார். மாந்தம். மாந்தம். மாந்தம், ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். மாந்தம்.

“அறுபத்தேழு!” என்று கத்தினார். ஆய்வு பிழைத்துவிட்டது. நாலு மாதத்தில் முதல்முறையாக அவர் முகமெல்லாம் சிரிப்பு.

“யக்கா, சார் எதுக்கு இப்படிச் சிரிக்காரு?” என்று கோகிலா கேட்டாள்.

“நம்ம பிள்ளையளுக்கு வயித்தால போகுதுன்னு தெரிஞ்சிபோச்சில்லா, அந்தச் சந்தோசம்” என்றாள் ராஜகுமாரி.

ரெஜினின் சிரிப்பு பாதியில் நின்றது. “மொதல்ல இவனுக்கு அந்த உப்பு சர்க்கரைப் பாக்கெட்டக் குடுங்க” என்றார் அவசரமாக.

ஜீப்பின் பின்சீட்டுக்கு அடியில் அந்தப் பாக்கெட்டுகள் மூன்று பெட்டி நிறைய, ஒட்டிய டேப் பிரிக்காமல் இருந்தன. ‘ஆம்’ என்று பதில் வந்த வீட்டுக்கு மட்டுமே கொடுக்க வேண்டும் என்பது விதி. பிப்ரவரியில் ராஜகுமாரி இரண்டு பாக்கெட் கேட்டபோது, அந்த விதியைச் சொல்லி மறுத்தவர் ரெஜின்தான். இப்போது அவள் சாவியால் டேப்பைக் கிழித்து, கோகிலா கொண்டுவந்த செம்புத் தண்ணீரில் ஒரு பாக்கெட்டைக் கலக்கினாள். பேச்சிராஜ் கரண்டியை விடாமல் பிடித்துக்கொண்டு குடித்தான்.

கோகிலா பெட்டிகளைப் பார்த்தாள். பிறகு ரெஜினைப் பார்த்தாள்.

“இவ்வளவும் நாலு மாசமா வண்டிக்குள்ளதான் இருந்துதா சார்?”

ரெஜின் ஆய்வு முறை, நெறிமுறைக் குழு என்று ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

“ஆமா, இல்லைன்னு ரெண்டே பதில்தான் சார்” என்றாள் ராஜகுமாரி. “கூட ஒரு வார்த்த பேசக் கூடாது.”

நாலு மாதமாக யார் வாயிலிருந்தும் வராத அந்த ‘ஆமா’ கடைசியில் ரெஜின் வாயிலிருந்தே வந்தது.