மேசைக்கு வெளியே ஒரு நிலையம்

நகரசபைக் கூடத்தில் வைத்திருந்த மாதிரி நகரத்தைப் பார்த்தவர்கள் எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். அட்டையில் கட்டிடங்கள், கம்பியில் மரங்கள், நடுவே தூண்களின் மேல் ஓடும் புது ரயில் பாதை. பாதையில் எட்டு நிலையங்கள் இருந்தன. ஒன்பதாவது இல்லை. அதற்கு முன்பே மேசை தீர்ந்துபோயிருந்தது.

மாதிரி செய்தவர் முதலில் பதறித்தான் போனார். ஆனால் நிதிப் பிரிவின் தலைவர் வந்து பார்த்துவிட்டு, "மேசை கரெக்டாத்தான் இருக்கு. பணமும் எட்டோட முடியுது," என்று அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார். அலுவலகத்தில் தலைவருக்குக் கத்திரி என்று பெயர். எந்தத் திட்டத்தைக் கொண்டுபோய் நீட்டினாலும் ஓரத்தில் கொஞ்சமாவது நறுக்காமல் திருப்பித் தரமாட்டார். கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. வெட்டுவது அவருக்குப் பிடிக்கும், அவ்வளவுதான். ஒன்பதாவது நிலையம் இரண்டாம் கட்டத்துக்குப் போயிற்று. அந்த அலுவலகத்தில் இரண்டாம் கட்டத்துக்குப் போனது எதுவும் கிணற்றில் போட்ட கல்தான்.

அன்றிலிருந்து திட்ட அதிகாரிக்குச் சோறு இறங்கவில்லை. ஒன்பதாவது நிலையம் வரவேண்டிய குடியிருப்பில்தான் அவள் வீடு. அவளுக்காகப் பாதையை வளைத்தார்கள் என்று யாரும் சொல்ல முடியாது. அவள் வேலைக்குச் சேருவதற்கு முன்பே வரைந்த பாதை அது. அதை நம்பி அவள் வீடு கட்டினாள், அதுதான் அவள் செய்த காரியம். கட்டியது மாமனாரின் பணத்தில். ஊருக்குள் நாற்காலி மேசைக் கடை வைத்திருந்த மனிதர். "ரயில் வரும் மாமா, நான் சொல்றேன்," என்று அவள் சொன்ன ஒரு வார்த்தைக்காகக் கடையை விற்று, கூட்டாளிகளை விட்டு, நகரத்தின் கடைசி மூலைக்கு வந்து உட்கார்ந்தவர். ஆரம்பத்தில் இரண்டு பஸ் மாறிப் போய்க் கூட்டாளிகளோடு அரட்டை அடித்துவிட்டு வருவார். முழங்கால் வலி வந்தபிறகு அதுவும் நின்றுவிட்டது. இப்போது வாசலில் நாற்காலி போட்டுக்கொண்டு, போகிற வருகிற எல்லோரிடமும், "எங்க மருமக ரயில் விடுறா," என்று சொல்வதுதான் அவருக்குப் பொழுதுபோக்கு.

அவரிடம் எப்படிச் சொல்வது? நாளைக்குச் சொல்லலாம் என்று அவள் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தாள். ஒருநாள் அவரே தெருக்காரர்கள் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு, முழங்காலையும் பார்க்காமல், கண்காட்சிக்கு வந்து நின்றுவிட்டார்.

மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மேசையைச் சுற்றி வந்தார். ஒவ்வொரு நிலையமாக விரலால் தொட்டு எண்ணினார். எட்டாவதைத் தாண்டியதும் விரல் காற்றில் நின்றது. குனிந்து மேசைக்குக் கீழேயும் பார்த்தார்.

"நம்ம வீடு எங்கம்மா?"

"இல்ல மாமா."

"இல்லன்னா?"

"பணம் பத்தல. அடுத்த கட்டத்துல பாக்கலாம்னு சொல்லிட்டாங்க. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாம..."

கத்துவார் என்று நினைத்தாள். கத்தியிருந்தால் தேவலை. "சரிம்மா," என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் வெளியே போனார். அன்று மாலை வாசலில் நாற்காலி இல்லை. 

மறுநாளும் அதற்கு மறுநாளும் அவள் வேலை முடிந்து வரும்போதெல்லாம் மாமனார் அறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே நாலைந்து பேர் குசுகுசுத்தார்கள். வீட்டில் தீப்பெட்டி காணாமல் போயிற்று. சோப்பு மட்டும் அலமாரியில் கிடந்தது, அதன் டப்பாவைக் காணோம். கணவனைக் கேட்டால், "எனக்கு ஒண்ணும் தெரியாது," என்று கூரையைப் பார்த்தான். பொய் சொல்லத் தெரியாத ஜென்மம்.

ரயிலுக்குக் கடன் கொடுக்கும் வங்கியின் பெண் அதிகாரியும் நகரசபை உறுப்பினர்களும் கண்காட்சியைப் பார்த்துவிட்டுத் திட்டத்தை முடிவு செய்யப்போகும் நாள் வந்தது. கத்திரி கோட்டு மாட்டிக்கொண்டு, மாதிரியைக் காட்டி விளக்கிக்கொண்டிருந்தார். அப்போது பின்வாசலில், "இடிக்காதே, இடிக்காதே, தூக்கு!" என்று ஒரு குரல். அவளுக்கு அந்தக் குரல் நன்றாகத் தெரியும்.

அவள் வீட்டுச் சாப்பாட்டு மேசை கூடத்துக்குள் வந்துகொண்டிருந்தது. ஒரு பக்கம் கணவன், மற்ற பக்கம் தெருக்காரர்கள், முன்னால் வழிகாட்டிக்கொண்டு மாமனார். மேசைமேல் அவர்கள் குடியிருப்பு மொத்தமும் இருந்தது. தீப்பெட்டி வீடுகள், சோப்பு டப்பாக் கடைகள், பிஸ்கட் டின்னில் பள்ளிக்கூடம், நடுவே பற்பசை அட்டையில் நீட்டமாக ஒரு ரயில் நிலையம்.

"யாரு இவங்கள உள்ள விட்டது?" என்றார் கத்திரி.

"நாங்களும் இந்த ஊர்தான் சார்," என்றார் மாமனார். "உங்க மேசை பத்தல. எங்க வீட்டுல ஒண்ணு சும்மா இருந்துச்சு."

தள்ளிக் கொண்டுவந்து ஒட்டினார்கள். ஒட்டவில்லை. சாப்பாட்டு மேசை ஒரு சாண் கூடுதல் உயரமாக இருந்தது. ரயில் பாதை நேராகப் போய்த் தீப்பெட்டி வீடுகளின் வாசலில் முட்டி நின்றது. உறுப்பினர்கள் சிரித்துவிட்டார்கள். காலமெல்லாம் மேசை விற்ற மனிதருக்கு உயரம் தப்பிவிட்டது. அவர் முகம் சிவந்துபோயிற்று.

"ஒரு நிமிஷம். காலை அறுத்துட்டா சரியாயிடும்," என்று மாதிரி செய்தவரிடம் ரம்பம் கேட்டு வாங்கினார். கீழே குனிந்து, மேசைக்காலில் ரம்பத்தை வைத்தும்விட்டார்.

அவள் அந்தப் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தூண்மேல் வந்த தண்டவாளம், தூணே இல்லாமல் தரை மட்டத்தில் வந்து நிற்கிறது. அவள் ஏறும் பஸ் தினமும் எட்டாவது நிலையம் வரப்போகும் முக்கிலிருந்து முக்கி முனகி ஏறுமே, அந்த ஏற்றம் ஞாபகம் வந்தது. 

"மாமா, அறுக்காதீங்க!"

கூடமே திரும்பிப் பார்த்தது. பெரிய மனிதர்கள் முன்னால் கத்திவிட்டோமே என்ற வெட்கமெல்லாம் அப்புறம்தான் வந்தது. "மேசை சரியாத்தான் இருக்கு. எங்க ஏரியா மேடு சார். நெஜமாவே இவ்வளவு மேடு. மதிப்பீடு போடறப்ப நாம ஒரு நிலையத்துக்குக் கணக்குப் போட்டு, அதையே ஒன்பதால பெருக்கிட்டோம். எல்லாத்துக்கும் அதே தூண், அதே படிக்கட்டு, அதே லிஃப்ட். நானும்தான் கையெழுத்துப் போட்டேன். தினம் ஏறி இறங்கற எனக்கே உறைக்கல!"

நிலத்தின் மேடு பள்ளம் காட்டிச் சுவரில் தொங்கிய மட்டப் படத்துக்கு ஓடி விரலை வைத்துக் காட்டினாள். பாதை உயரம் மாறாமல் போனாலே போதும். தூண்கள் குட்டையாகிக்கொண்டே வந்து, கடைசி நிலையம் தரையிலேயே உட்கார்ந்துவிடும்.

"அப்போ அங்க மேல ஏற லிஃப்ட் வேண்டாமா?" என்றார் வங்கி அம்மா.

"எதுக்கு மேடம்? தெருவுலேருந்து நேரா நடந்து போய் ரயில்ல ஏறிக்கலாம்."

கத்திரியின் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. பையிலிருந்து கால்குலேட்டரை எடுத்தார். "லிஃப்ட் கட். படிக்கட்டு கட். கடைசித் தூணெல்லாம் கட்," என்று ஒவ்வொன்றாக நறுக்கத் தொடங்கினார். இவ்வளவு வெட்ட அவருக்கு வாழ்நாளில் கிடைத்ததில்லை. விருந்துக்கு வந்த பிள்ளை மாதிரி இருந்தார். வெட்டி முடித்து நிமிர்ந்தபோது, கையில் இருந்த பணத்துக்குள் ஒன்பதாவது நிலையம் கிட்டத்தட்ட அடங்கியிருந்தது. "இதை ஏம்மா முன்னாடியே சொல்லல?" என்று அவளையே கடிந்துகொண்டார்.

பொறியாளர்கள் போய் மறுபடி அளந்து சரிபார்க்கச் சில வாரங்கள் ஆயின. அதுவரை மேசை கூடத்திலேயே இருக்கவேண்டும் என்று வங்கி அம்மா சொல்லிவிட்டதால், வீட்டில் எல்லோரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். முழங்காலை நீட்டி மடக்கி உட்காரவே மாமனாருக்கு நேரம் பிடிக்கும். ஆனால் ஒரு முனகல் கிடையாது.

ஒன்பது நிலையங்களுக்கும் ஒப்புதல் கிடைத்த அன்று அவள் அவரைக் கூடத்துக்கு அழைத்துப் போனாள். சந்தோஷத்தில் அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு மேசையைச் சுற்றிச் சுற்றி வந்தார். அவளுக்குக் கண் கலங்கியது. துடைத்துக்கொண்டு குனிந்தவள் அப்போதுதான் கவனித்தாள். பற்பசை நிலையம் அவர்கள் வீட்டுத் தீப்பெட்டியின் வாசலை ஒட்டி நின்றது.

"மாமா, இது தப்பு. நிலையம் மூணு தெரு தள்ளி வருது."

"அவ்வளவு தூரமா?"

"சரியா வெக்கணும் மாமா. நாளைக்கு நாலு பேர் பாப்பாங்க." அவள் நிலையத்தைப் பெயர்க்கக் கையை நீட்டினாள்.

"தொடாதே!" மாமனார் அவள் கையைத் தட்டிவிட்டார். "இவ்வளவு பாடுபட்டு வந்திருக்கு, அதைப் போய் நகத்துறியே." சொல்லிவிட்டு, தங்கள் வீட்டை அலுங்காமல் பெயர்த்தெடுத்து, மூன்று தெரு தள்ளி ஒட்டினார்.